ஏழாம் வகுப்புக்கு ஒரு தொழில் நோட்டு

"வளர்ந்ததும் என்ன ஆகப் போறே?" என்று வகுப்பில் கேட்பதை நான் நிறுத்தி 11 வருடம் ஆகிறது.

நான் தமிழாசிரியை. 6, 7, 8ஆம் வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் 'தொழில் தேடல்' என்று ஒரு வகுப்பும் என் பொறுப்பில் இருக்கிறது. அது என் கைக்கு வந்த முதல் வாரம், 38 பிள்ளைகளுக்கும் துண்டுச்சீட்டு கொடுத்து, என்ன ஆகப் போகிறீர்கள் என்று எழுதச் சொன்னேன். சீட்டுகளைப் பிரித்து அடுக்கினால் மொத்தம் 9 வேலைகள்தான் வந்தன. டாக்டர் மட்டும் 14 சீட்டு. ஒன்று வெறும் சீட்டு. மணி அடித்ததும் அந்தச் சீட்டுக்காரன் மேஜை ஓரமாக வந்து நின்று, "எனக்கு எதுவுமே தோணலை டீச்சர், தப்பா?" என்று கேட்டான்.

அன்று அவனுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை. தப்பு அவனிடம் இல்லை, என் கேள்வியில் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. 9 வேலைகளின் பெயர் மட்டுமே காதில் விழுந்திருக்கும் பிள்ளை, அந்த 9க்குள் ஒன்றைச் சொல்லும். இல்லாவிட்டால் சும்மா நிற்கும். இது என் வகுப்பின் கதை மட்டுமில்லை. 2018இல் பைசா (PISA) என்ற பன்னாட்டு மாணவர் தேர்வை எழுதிய 15 வயதுப் பிள்ளைகளின் பதில்களை வைத்து, அதை நடத்தும் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 41 நாடுகளில் ஆண்பிள்ளைகளில் 47 சதவீதமும் பெண்பிள்ளைகளில் 53 சதவீதமும், 30 வயதில் தாங்கள் இருக்கப்போவதாகச் சொன்ன வேலைகள் வெறும் பத்துக்குள் அடங்கிவிட்டன. 2000இல் இந்த அளவு 38, 49 என்று இருந்தது. உலகத்தில் வேலைகள் பெருகப் பெருக, பிள்ளைகளின் கண்ணில் படும் வேலைகள் சுருங்கியிருக்கின்றன.

11 முதல் 14 வயதுப் பிள்ளைக்கு வேலை முடிவு செய்து தர வேண்டியதில்லை. பார்வையை அகலமாக்கித் தர வேண்டும், தன்னையே கவனிக்கப் பழக்க வேண்டும். நான் அதை எப்படிச் செய்கிறேன் என்பதை, ஆசிரியர்களும் பெற்றோரும் அப்படியே எடுத்துச் செய்யும்படி எழுதுகிறேன். 80 பக்க நோட்டு ஒன்று போதும்.

இடது பக்கம்: தொழிற்பெயர்

வழி காட்டியது இலக்கணம்தான். அந்த வாரம் 7ஆம் வகுப்பில் தொழிற்பெயர் நடத்திக்கொண்டிருந்தேன். ஓடுதல், வரைதல், தைத்தல், கேட்டல்: ஒரு வினை பெயராகி நிற்பது. கரும்பலகையில் 'தொழிற்பெயர்' என்று எழுதிய கையோடு எனக்கே ஒன்று உறைத்தது. நாம் பிள்ளைகளிடம் தொழிலின் பெயரைக் கேட்கிறோம். கேட்க வேண்டியது தொழிற்பெயரை.

'டாக்டர்' என்று சீட்டில் எழுதிய ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, "டாக்டர் காலையிலிருந்து என்னென்ன செய்வார்? எல்லாத்தையும் 'தல்' போட்டு எழுது" என்றேன். 'ஊசி போடுதல்' என்று எழுதியவள் அதற்கு மேல் நகரவில்லை. ஊசியைப் பெரும்பாலும் செவிலியர்தான் போடுவார். வகுப்பே சேர்ந்து பட்டியலை வளர்த்தது: ஒரே கேள்வியை நாற்பது பேரிடம் பொறுமையாகக் கேட்டல், படத்தில் சின்ன மாறுதலைக் கண்டுபிடித்தல், கெட்ட செய்தியை வீட்டாரிடம் சொல்லுதல், பார்த்ததையெல்லாம் எழுதி வைத்தல், இரவில் விழித்திருத்தல், புதிதாக வந்த மருந்துகளைப் பற்றி வாழ்நாள் முழுவதும் படித்துக்கொண்டே இருத்தல். அவள் பலகையை வெகுநேரம் பார்த்தாள். "கெட்ட செய்தி சொல்றதுதான் பயமா இருக்கு டீச்சர். மத்ததெல்லாம் எனக்குப் பிடிக்கும்" என்றாள். தன் எதிர்காலத்தைப் பற்றி அவள் யோசித்துச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே முதல் வேலை இது. நோட்டின் இடது பக்கங்கள் பிள்ளைக்கு, வலது பக்கங்கள் உலகத்துக்கு. இரண்டு வாரம், தினமும் படுக்கும் முன் இடது பக்கத்தில் ஒரு வரி. யாரும் சொல்லாமல் தானாகச் செய்த காரியமாக இருக்க வேண்டும், 'தல்' என்று முடிய வேண்டும். நேரம் போனதே தெரியாமல் செய்ததா, களைத்துப் போனாலும் மறுபடி செய்யத் தோன்றியதா என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. அடியோடு பிடிக்காத காரியங்களும் எழுதலாம். அதற்குக் கட்டம் போட்டுவிட வேண்டும். அந்தக் கட்டங்கள் பிற்பாடு ரொம்பப் பயன்படும்.

பெரியவர்கள் இங்கே ஓர் இடத்தில் உதவ வேண்டியிருக்கும். பிள்ளைகள் 'கேம் விளையாடுதல்' என்று எழுதிவிட்டு, நாம் திட்டப்போகிறோம் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். திட்ட வேண்டாம். அதை உடைத்துப் பார்க்கக் கேளுங்கள். ஒரு பையனிடம், "விளையாடும்போது எந்த இடம் ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டேன். முதலில் "எல்லாமே" என்றான். விடாமல் கேட்டதில், அவனுக்குச் சண்டை போடுவதில் அவ்வளவு ஆர்வமில்லை என்று தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த கூட்டாளிகளுக்கு எங்கே ஒளிய வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதும், தோற்ற பிறகு எங்கே தப்பு நடந்தது என்று நான்கு பேரையும் உட்காரவைத்துப் பேசுவதும்தான் அவனுக்கு ருசி. நோட்டில் 'புதியவருக்குப் பழக்குதல்', 'நடந்ததை அலசுதல்' என்று இரண்டு வரி ஏறின. அவற்றுக்கு ஆயிரம் வேலைகளில் இடம் இருக்கிறது.

வெறும் சீட்டு கொடுத்தவனின் இடது பக்கத்தில் இரண்டாம் வாரம் இருந்தவை: வகுப்பு அலமாரியில் புத்தகங்களைப் பிரித்து அடுக்குதல், யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார்கள் என்று நினைவு வைத்திருத்தல், திருப்பித் தராதவர்களிடம் சண்டை வராமல் கேட்டு வாங்குதல். எதுவும் தோன்றாத பிள்ளை என்று அவனைச் சொல்லவே முடியாது.

ஆறு கூடைகள்

வரிகள் 20 சேர்ந்ததும் அவற்றைப் பிரித்துப் பார்க்கலாம். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த கோட்பாடு இதற்கு இன்றும் உதவுகிறது. மனிதரின் தொழில் விருப்பங்களை அவர் ஆறாக வகுத்தார். நான் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்கிறேன்: கையால் செய்தல், ஆராய்தல், படைத்தல், உதவுதல், முன்னின்று நடத்துதல், ஒழுங்குபடுத்துதல். அறுகோணத்தின் ஆறு முனைகளில் இதே வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்து முனைகள் ஒன்றோடொன்று ஒத்துப் போகும். எதிரெதிர் முனைகள் விலகி நிற்கும். 20 வரிகளையும் ஆறு முனைகளில் பங்கிட்டால், எந்த இரண்டு மூன்று முனைகளில் கூட்டம் சேர்கிறது என்று தெரிந்துவிடும். அடுக்கி வைக்கிற நம் பையனுக்கு ஒழுங்குபடுத்துதலும் உதவுதலும்.

இதையே அறுபது கேள்விகளாக்கி, அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். அங்கே 900க்கும் மேற்பட்ட தொழில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே அந்த வேலையில் செய்யும் காரியங்கள் வரிசையாக இருக்கும்: அளத்தல், சரிபார்த்தல், பேசித் தீர்த்தல் என்று எல்லாம் வினைகள். எங்கள் நோட்டுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: அங்கே சொல்லும் சம்பளமும் படிப்புத் தகுதியும் அந்த நாட்டுக்கு உரியவை. காரியங்களின் பட்டியல்தான் எல்லோருக்கும் பொது.

சோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "இவள் இந்த வகை" என்று பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவிடாதீர்கள். இந்த வயதில் ஆறு மாதத்தில் கூட்டம் முனை மாறிவிடும். தேதி போட்டு நோட்டுக்குள் மடித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பழையதைப் பார்க்காமல் மறுபடி செய்யச் சொல்லுங்கள். எது மாறவில்லையோ அதை மட்டும் அடிக்கோடு இடுங்கள்.

வலது பக்கம்: ஒரு மாத்திரை அட்டைக்குப் பின்னால் எத்தனை பேர்

வலது பக்கத்தை நிரப்ப எனக்குத் தெரிந்த நல்ல வழி, கைக்குக் கிடைக்கும் ஒரு சின்னப் பொருளை எடுத்துப் பின்னோக்கிப் போவது. ஒரு வெள்ளிக்கிழமை தீர்ந்துபோன மாத்திரை அட்டையை மேஜையில் வைத்தேன். "இது இங்கே வந்து சேர யார் யார் வேலை செஞ்சிருப்பாங்க?"

மருந்துக்கடைக்காரர், டாக்டர், லாரி ஓட்டுநர் என்று ஆரம்பித்தார்கள். பிறகு வேகம் பிடித்தது. மூலக்கூறை உருவாக்கிய வேதியியலாளர். நோயாளிகளிடம் பரிசோதித்தபோது கிடைத்த எண்களை அலசிய புள்ளியியலாளர். மாத்திரையை அச்சில் அழுத்தும் இயந்திரத்தை இயக்குபவர், அந்த இயந்திரம் நின்றுபோனால் சரிசெய்பவர். ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்துச் சோதிக்கும் தரக்கட்டுப்பாட்டாளர். விற்கலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் அரசு அலுவலர். தாளை அச்சடிப்பவர். குளிர்பதனக் கிடங்கில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் அட்டையோடு வரும் மடித்த தாளைப் பிரித்து, "இதை எழுதுறது யாரு டீச்சர்?" என்றாள். மருத்துவ எழுத்தாளர் என்று ஒரு வேலை இருப்பதும், அதைப் பல மொழிகளுக்கு மாற்ற மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவதும் அந்த வகுப்புக்கு அன்றுதான் தெரிந்தது. மணி அடிப்பதற்குள் 31 ஆகிவிட்டது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஐஎஸ்சிஓ-08 வகைப்பாட்டில் 10 பெரும் பிரிவுகளின் கீழ் 436 தொழில் தொகுதிகள் இருக்கின்றன. ஒரு தொகுதிக்குள்ளேயே பல வேலைகள் வரும். வாரம் ஒரு பொருள் என்று எடுத்தால் ஒரு பருவத்துக்குள் நூற்றைம்பது இருநூறு வேலைகளாவது வலது பக்கத்தில் ஏறிவிடும். பென்சில், வானிலை அறிக்கை, செருப்பு, பாலம், காதுகேட்கும் கருவி எதுவானாலும் சரி.

சத்தமில்லாமல் அடித்துவிட்ட வேலைகள்

நான் ரொம்பக் கவலைப்படும் பகுதி இது. பலரும் தொடாமல் விட்டுவிடுவதும் இதைத்தான். லிண்டா காட்ஃபிரெட்சன் என்ற அறிஞர் 1981இல் ஒரு கருத்தைச் சொன்னார்: பிள்ளைகள் வேலையைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகு முன்பே வேலைகளைக் கழித்துக்கட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். 6 முதல் 8 வயதுக்குள் 'இது ஆண்கள் வேலை, இது பெண்கள் வேலை' என்று ஒரு கழிப்பு. 9 முதல் 13 வயதுக்குள் 'இதுக்கு மரியாதை இல்லை', 'அது நமக்கு எட்டாது' என்று இன்னொரு கழிப்பு. தனக்கு எது பிடிக்கும் என்ற யோசனை 14 வயதுவாக்கில்தான் வருகிறது. அதற்குள் பாதிக் கதவுகள் சாத்தப்பட்டுவிடுகின்றன, சாத்தியதே பிள்ளைக்குத் தெரிவதில்லை.

அதனால் ஒரு பக்கத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். "நீ ஒருபோதும் போகமாட்டேன்னு நினைக்கிற பத்து வேலை எழுது. பக்கத்துலயே ஏன்னு எழுது." வரும் காரணங்களைப் படித்தால் நெஞ்சு கனக்கும். 'நான் குள்ளம்.' 'கணக்கு வராது.' 'பொண்ணுங்களை எடுக்க மாட்டாங்க.' 'அப்பா செய்யுறது, அவமானம்.' 'நல்லா இங்கிலீஷ் பேசணும்.' வாதாட வேண்டாம். ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுதச் சொல்லுங்கள்: பார்த்தேன், படித்தேன், யாரோ சொன்னார்கள். 'யாரோ சொன்னார்கள்' என்று வந்தவற்றில் இரண்டையாவது அந்தப் பருவத்துக்குள் அவர்களே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். 'அவமானம்' என்று எழுதிய பையன், தன் அப்பா செய்யும் வேலையைத் 'தல்' போட்டுப் பட்டியலிட்டபோது 23 வரி வந்தது. அவனே இரண்டு முறை எண்ணினான்.

ஆளைப் பார்த்துக் கேட்பது

முதல் வருடம் நான் 'தொழில் நாள்' ஒன்று நடத்தினேன். மேடை போட்டு, ஆறு விருந்தினரை அழைத்து, ஆளுக்கு இருபது நிமிடம் பேசவைத்தோம். உழைப்பு, ஒழுக்கம், வெற்றி என்று பேசினார்கள். பிள்ளைகள் கை தட்டினார்கள். மறுநாள், "அவங்க வேலைக்குப் போய் என்ன செய்வாங்க?" என்று கேட்டேன். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. குற்றம் விருந்தினர் மீது இல்லை. என்ன வேண்டும் என்று நான் அவர்களிடம் சொல்லவே இல்லை.

இப்போது மேடை கிடையாது. மூன்று பிள்ளைகள், வேலை செய்யும் ஒருவர், இருபது நிமிடம். கேள்விகளைப் பிள்ளைகள்தான் கேட்பார்கள்:

நேற்று வேலைக்கு வந்ததிலிருந்து கிளம்பும்வரை வரிசையாக என்னென்ன செய்தீர்கள்?
இதில் சலிப்பான பகுதி எது? அது ஒரு நாளில் எவ்வளவு நேரம்?
கடைசியாக ஒரு காரியம் தப்பாகப் போனபோது என்ன செய்தீர்கள்?
12 வயதில் என்ன ஆக நினைத்தீர்கள்? இங்கே எப்படி வந்து சேர்ந்தீர்கள்?
இந்த வேலைக்குப் புதிதாக வருபவருக்குக் கிடைக்கும் சம்பளத்தில் ஒருவர் தனியாக வாழ முடியுமா?

'நேற்று' என்ற சொல்லை மாற்றாதீர்கள். 'பொதுவாக என்ன செய்வீர்கள்' என்றால் உபதேசம் வரும். 'நேற்று' என்றால் நடந்தது வரும். நான்காவது கேள்விக்கு வரும் பதில்களில் நேர்க்கோட்டுப் பாதை அபூர்வம், அதைப் பிள்ளைகள் தங்கள் காதால் கேட்பது நல்லது.

முடிந்தால் அரை நாள் வேலை நடக்கும் இடத்திலேயே உட்கார்ந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஜப்பானில் ஹியோகோ மாகாணம் 1998 முதல், நம் எட்டாம் வகுப்பு வயதுப் பிள்ளைகளை ஐந்து நாள் வேலை நடக்கும் இடங்களுக்கு அனுப்பி வைக்கிறது. ஐந்து நாள் கிடைக்காவிட்டாலும் மூன்று மணி நேரம் கிடைக்கும். பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள். தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இணையத்தில் முன்பின் தெரியாதவரிடம் பிள்ளை நேரடியாகப் பேட்டி கேட்கக் கூடாது.

மூன்று மணி நேரச் சோதனை

கேட்டது போதாது, கொஞ்சம் செய்தும் பார்க்க வேண்டும். முழு வேலையையும் செய்ய முடியாது; அதில் ஒரு துண்டைச் செய்யலாம். கட்டடக் கலை என்று எழுதியவள் டேப்பை எடுத்து வகுப்பறையை அளந்து 1:50 அளவில் வரையட்டும். 8 மீட்டர் சுவர் 16 சென்டிமீட்டர் கோடாகும்; கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் அவள் காட்ட வேண்டும். கணக்காளர் என்றவன் வகுப்பு நிதியை ஒரு மாதம் எழுதி, கடைசி நாளில் கையிருப்போடு ஒத்துப்போகச் செய்யட்டும். கணினி நிரல் எழுத ஆசைப்பட்டால், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் பிள்ளைகளுக்காக உருவாக்கிய ஸ்க்ராட்ச் என்ற நிரல் மொழி இலவசம். கால்நடை மருத்துவர் ஆசைக்கு ஒரு வாரம் பிராணியின் இடத்தைச் சுத்தம் செய்யும் பொறுப்பைக் கொடுங்கள், கொஞ்சுவது தனி. யூடியூபர் என்று சொல்பவர்களை விரட்டாதீர்கள்: இரண்டு நிமிடக் காட்சிக்கு எழுத்துப்படி எழுதி, எடுத்து, வெட்டி ஒட்டி, வகுப்பில் மட்டும் காட்டட்டும்.

முடிந்ததும் மார்க் போடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி: "எப்போ முதல்முதலா கடிகாரத்தைப் பார்த்தே?" அந்த நிமிடம் நோட்டில் ஏற வேண்டும். ஐந்தாம் நிமிடம் என்றால் அதுவும் நல்ல செய்திதான். பெரிய செலவில்லாமல் ஒன்று தெரிந்துவிட்டது.

திட்டம் எவ்வளவு தூரத்துக்கு

பதின்மூன்று வயதில் இருபத்தைந்து வயதுவரை திட்டம் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் சூப்பர் வகுத்த தொழில் வாழ்க்கைக் கட்டங்களில் 14 வயதுவரை 'வளர்ச்சி'. 'தேடல்' 15இல் தொடங்கி 24வரை போகிறது. தேடலே தொடங்காத பிள்ளையிடம் முடிவு கேட்பது எந்த நியாயம்? தொழில் ஆலோசனைத் துறை அறிஞர் ஜான் கிரம்போல்ட்ஸும் அவருடைய சகாக்களும் 1999இல் எழுதியது எனக்குப் பெரிய ஆறுதல்: எதிர்பாராத வாய்ப்புகள் எல்லோர் வாழ்விலும் வரும், அவற்றைக் கண்டுகொள்ளும் ஆர்வத்தையும் விடாமுயற்சியையும் வளைந்துகொடுக்கும் குணத்தையும் பழக முடியும்.

ஆனால் திட்டமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் வேண்டும், அடுத்த ஆறு மாதத்துக்கு. இங்கேயும் இலக்கணத்தைத்தான் பிடித்துக்கொள்கிறேன். தொழிற்பெயர் காலம் காட்டாது. வினையாலணையும் பெயர் காட்டும். வரைந்தவள், வரைகிறவள், வரைபவள். பக்கத்தை மூன்றாக மடியுங்கள். முதல் பத்தியில் இதுவரை செய்து பார்த்தது. நடுவில் இப்போது செய்துகொண்டிருப்பது. மூன்றாவதில் அடுத்த ஆறு மாதத்தில் செய்யப்போவது: சந்திக்க வேண்டிய ஓர் ஆள், ஒரு மூன்று மணி நேரச் சோதனை, பலவீனமாக இருக்கும் ஒரு பாடத்தில் ஒரு படி. அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இந்த வயதில் கணக்கையும் வாசிப்பையும் கைவிட்டால் பின்னால் எந்தெந்தக் கதவுகள் சாத்தும் என்று பிள்ளைக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். 'கணக்கு வராது' என்றால், பின்னமா, எதிர்ம எண்களா, எங்கே நின்றுபோனது என்று கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குங்கள்.

அழிப்பான் கூடாது. மனம் மாறினால் ஒரு கோடு போட்டு அடித்து, தேதியும் காரணமும் எழுத வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளை மூன்றாவது முறையாக மாற்றும்போது "நிலையா ஒண்ணுல நிக்க மாட்டியா" என்று வாயில் வரும். விழுங்கிவிடுங்கள். "என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்று கேளுங்கள். வீட்டுப் பணநிலை ஒரு பாதையை நிஜமாகவே கடினமாக்குமென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, உதவித்தொகை உண்டா, வேலை செய்துகொண்டே படிக்க வழி உண்டா என்று சேர்ந்து தேடுங்கள். காரணம் சொல்லாமல் 'வேண்டாம்' என்றால், தனக்குத் திறமை இல்லை என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்கிறது.

இந்த வெள்ளிக்கிழமை புதிய 7ஆம் வகுப்புக்கு நோட்டு கொடுக்கிறேன். மாத்திரைத் தாளைப் பிரித்துக் கேட்ட பெண் இப்போது 8இல் இருக்கிறாள். அவளுடைய மூன்றாவது பத்தியில் 'மருத்துவ எழுத்தாளர் ஒருவரைச் சந்தித்தல்' என்று இருக்கிறது. ஐந்து கேள்விகளையும் எழுதி, ஆறாவதாக ஒன்றை அவளே சேர்த்து வைத்திருக்கிறாள்: 'இவ்வளவு பொடி எழுத்தில் எழுதியதை யாராவது படித்தார்களா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?' அதற்குப் பதில் சொல்ல ஒருவரை நாங்கள் இருவரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.